1172 என்று போட்டிருக்கிறது, ஆனால் 1172 இல்லை: தேய்ந்த வெள்ளிக்காசும் அதற்கு விலை சொல்பவர்களும்

பழைய காசுக்கு விலை சொல்லும் காணொளிகள் தமிழில் இப்போது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. "இந்தக் காசு உங்க வீட்ல இருக்கா? அப்போ நீங்கதான் அடுத்த லட்சாதிபதி" என்று தலைப்பு இருக்கும். ஒரு கை காசைப் பத்து விநாடி திருப்பித் திருப்பிக் காட்டும். பிறகு ஒரு வருடம், ஒரு தொகை, ஒரு வாட்ஸ்அப் எண். அவ்வளவுதான். காசின் எடை என்ன, விளிம்பு எப்படி இருக்கிறது, என்ன உலோகம், எங்கே அடித்தது, எதுவும் வராது. கதை, சினிமாவுக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கான பேர் பார்த்து, நம்பி, சிலர் பணமும் கட்டும் இந்த வகைக்கும் ஒருவர் உட்கார்ந்து விமர்சனம் எழுத வேண்டாமா? இது அந்த முயற்சி.

என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் விலையை அதிகமாகச் சொல்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. காசு என்றால் "வருடம் + விலை" என்று இரண்டே இரண்டு புலம் உள்ள அட்டவணையாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். காசு எது என்று தெரிவதற்கு முன்பே விலை வந்துவிடுகிறது. இந்த வரிசைக் கோளாறு மரியாதையான அச்சுப் புத்தகங்களிலும் கொஞ்சம் உண்டு. அதையும் பார்ப்போம்.

ஒரு காசு

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தெரிந்தவர் ஒருவர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமத்துக்காரர், போன வருடம் ஒரு காசைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். நன்றாகத் தேய்ந்த வெள்ளிக்காசு. மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்துப் பிறகு பிய்த்த தழும்பு. ஒரு காலத்தில் காசுமாலையிலோ குழந்தையின் அரைஞாணிலோ தொங்கியிருக்க வேண்டும். அரபு எண் தெரிந்த ஒருவர் அதில் 1172 என்று இருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, 1172ன்னா எண்ணூத்தம்பது வருஷம். சோழர் காலம்தானே?" என்றார்.

இதற்குள் அவர் ஒரு காணொளியில் இருந்த எண்ணுக்குப் படம் அனுப்பியிருந்தார். மறுமுனை 18 லட்சத்துக்கு வாங்க ஆள் இருப்பதாகச் சொன்னது. அதற்கு முன் 'ரிசர்வ் வங்கிச் சான்றிதழ்' எடுக்க 6,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் கையில் இருந்தது. கட்டலாமா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட கேள்வி.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் ஏமாறாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அதைக் காட்டினேன். பணம் கட்டும் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் காசு எது என்ற கேள்வி முடியவில்லை. அதற்குத் தராசு வேண்டும்.

காசைப் படிப்பது எப்படி

நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடை 11.21 கிராம். அடுத்து அடர்த்தி. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது, காசு விலக்கிய தண்ணீரின் எடை. 1.08 கிராம் வந்தது. 11.21ஐ 1.08ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.4. சுத்த வெள்ளி 10.5, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளியும் மீதி செம்பும் கலந்தால் சுமார் 10.3. ஜெர்மன் சில்வர் என்று சொல்லப்படும், வெள்ளியே இல்லாத கலவையாக இருந்தால் எட்டரையை ஒட்டி வரும். சின்னக் காசில் 0.01 கிராம் மாறினாலும் விடை கொஞ்சம் ஆடும், அதனால் இதை வைத்து மாற்றைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல வெள்ளியா, போலியா என்று பிரிக்க இது தாராளமாகப் போதும். எட்டாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸ்தான்.

அடுத்து எழுத்து. பாரசீக எழுத்து. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. ஆனால் இந்த வகைக் காசில் என்ன எழுதியிருக்கும் என்பது தெரிந்த விஷயம் என்பதால், மிச்சமிருக்கும் கோடுகளை அதோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு பக்கம் முகலாய மன்னர் ஆலம்கீரின் பெயர். மறுபக்கம் அடித்த இடம் ஆற்காடு, ஆட்சியாண்டு 6. கூடவே ஒரு சின்ன தாமரைப் பூ.

1172 என்பது ஹிஜ்ரி ஆண்டு. கிறிஸ்தவ ஆண்டில் 1758 செப்டம்பர் முதல் 1759 ஆகஸ்ட் வரை. எண்ணூற்றைம்பது வருடம் ஒரே அடியில் இருநூற்று அறுபத்தைந்துக்கு வந்துவிட்டது. காணொளிக்காரர் செய்த முதல் தப்பு இது. எந்த நாட்காட்டி என்று கேட்காமலே கழித்தல் கணக்குப் போட்டுவிட்டார். நேர மண்டலத்தைப் பார்க்காமல் தேதியைச் சேமித்து வைக்கும் மென்பொருள் மாதிரி.

ஆனால் 1759ம் இல்லை! இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

இரண்டாம் ஆலம்கீர் 1754 முதல் 1759 வரை டெல்லியில் பெயருக்கு ஆண்டவர். 1759 நவம்பரில் கொல்லப்பட்டார். ஆனால் அவர் பெயரும் 1172 என்ற ஆண்டும் ஆறாம் ஆட்சியாண்டும் போட்ட ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் 1835 வரை அடித்துக்கொண்டே இருந்தது. ஆற்காட்டு நவாபின் ஊர்ப் பெயர், செத்துப்போன முகலாய மன்னரின் பெயர், அடித்தது சென்னையில், அடித்தவர் வெள்ளைக்காரர். காசின் மேல் எழுதியிருக்கும் எந்தத் தகவலும் அதை அடித்த நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாது. எங்கள் தொழிலில் இதை 'ஹார்ட்கோட்' பண்ணிவிட்டார்கள் என்போம்.

ஏன் அப்படி? சோம்பேறித்தனம் இல்லை, காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் காசு மாற்றும் சராப்புகள் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதன் ஆட்சியாண்டு, அடித்த ஊர், தேய்மானம் பார்த்து வட்டம் பிடிப்பார்கள். போன வருடத்துக் காசு என்றாலே இந்த வருடத்துக் காசைவிடக் குறைவு. வங்காளத்தில் இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1793 முதல் எல்லா ரூபாயிலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே போடுவது என்று விதி செய்தார்கள். ஆண்டை உறையவைத்துவிட்டால் 'பழைய காசு' என்று சொல்லி யாரும் கழிக்க முடியாது. சென்னையிலும் ஜனங்களுக்குப் பழகிய, நம்பிய முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் நம் காசின் உண்மையான காலம்? எழுத்து சொல்லாததை வடிவம் சொல்லும். கையால் சுத்தியல் கொண்டு அடித்த பழைய ரூபாய் தடித்துச் சிறுத்து இருக்கும். அச்சு காசைவிடப் பெரியது என்பதால் எழுத்தில் பாதிதான் விழும். இந்தக் காசோ நல்ல வட்டம், அகலம், ஓரத்தில் ஒரு பக்கம் இன்னும் புள்ளி வரிசை தெரிகிறது, எழுத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் இயந்திரத்தில் அடித்த வரிசை 1807இல் தொடங்குகிறது. ஆக 1807க்கும் 1835க்கும் இடையில். தாமரை இருப்பதால் சென்னை வகை. பிறையாக இருந்திருந்தால் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் இந்த உரிமையை 1736இலேயே நவாபிடம் வாங்கிவிட்டார்கள். அந்த வருடம்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் தொடங்குகிறது. ஆங்கிலேயருக்கு 1742இல்தான் கிடைத்தது.

இது ஆற்காட்டு ரூபாய்க்கு மட்டும் உள்ள விசேஷம் இல்லை. விக்டோரியா ராணியின் 1840 போட்ட ரூபாயை 1862இல் புது வடிவம் வரும்வரை அதே தேதியோடு அடித்தார்கள். 1862 என்று போட்டதை 1874 வரை அடித்தார்கள், உண்மையான வருடத்தைக் குறிக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் வைத்தார்கள். அதனால் "1862 ரூபாய் வைத்திருக்கிறீர்களா, இத்தனை ஆயிரம்" என்று ஒருவர் புள்ளியைப் பற்றிப் பேசாமல் சொன்னால், அவர் காசைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

புத்தகங்களின் பிரச்சினை

காணொளியைத் திட்டுவது சுலபம். அச்சில் வந்த விலைப்பட்டியல்கள் இவற்றைவிட எவ்வளவோ மேல். அவற்றில் எடை இருக்கும், மாற்று இருக்கும், அச்சு வகைகள் இருக்கும். உலகக் காசுகளுக்கான கிராஸ் பட்டியல் இல்லாமல் என்னைப் போன்றவன் ஒரு அடி நகர முடியாது. ஆனாலும் அவற்றின் விலைக் கட்டங்களைப் பாருங்கள். 'வெரி குட்' என்று தொடங்கி 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரா ஃபைன்', கடைசியில் 'அன்சர்க்குலேட்டட்', அதாவது கைமாறவே இல்லாதது. வலது பக்கம் போகப் போக விலை ஏறும். 'வெரி குட்' என்பது கீழ்ப்படி என்பதே புதிதாக வருபவருக்கு அதிர்ச்சி. அதற்கும் கீழே இருப்பதற்குக் கட்டமே கிடையாது.

சேகரிப்பவர்களின் சந்தை அப்படித்தான் இயங்குகிறது, அதில் தப்பில்லை. அழகான, அரிதான பொருளுக்கு அதிக விலை. ஆனால் இந்த ஏணி ஒரு விஷயத்தை நமக்குத் தெரியாமலே சொல்லிக்கொடுத்துவிடுகிறது: வேலை செய்யாத காசுதான் உயர்ந்தது. சந்தைக்குப் போகாமல், வரி கட்டாமல், யார் இடுப்பிலும் முடியப்படாமல் பெட்டியில் தூங்கியதற்கு முதல் மரியாதை. சராப்பு சோதித்துக் குத்திய சின்ன முத்திரை, வளையத் தழும்பு, இருநூறு வருடக் கைகள் தேய்த்த முகம், எல்லாம் 'பழுது' என்ற ஒரே சொல்லில் கழிந்துவிடும்.

வரலாறு தேடுபவருக்கு இவைதான் தகவல். 1763இல் நவாப் முகமது அலி கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பிற்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டம். நம்முடைய ஜி.எஸ்.டி. சாலையும் தொழிற்பேட்டையும் இருக்கும் வட்டாரம். இங்கே கணக்கு வராகன், பணம், காசு என்றுதான் ஓடியது. 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று வைத்தார்கள். ரூபாயின் எடை 180 கிரெயின், அதில் சுத்த வெள்ளி 165. இன்றைய அளவில் 11.66 கிராம். பிறகு 1835இல் இந்தியா முழுமைக்கும் வந்த கம்பெனி ரூபாய்க்கும் இதே அளவுதான். ஒரு தோலா என்று நாம் சொல்வதும் இந்த எடையே.

நம் காசு இந்த அளவில் அடித்ததாக இருந்தால் 0.45 கிராம், அதாவது ஏறக்குறைய நான்கு சதவீதம், தேய்ந்து போயிருக்கிறது. பிற்கால நாணயச் சட்டத்தில் ரூபாய் இரண்டு சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் செல்லாது. அந்த அளவுகோலில் 11.43 கிராமுக்குக் கீழே போனால் தள்ளுபடி. நம் காசு அதையும் தாண்டித் தேய்ந்தது. காசாக ஓடித் தேய்ந்தது எவ்வளவு, நகையாகத் தொங்கித் தேய்ந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டுமே ஒரு குடும்பத்தின் பொருளாதாரம்தான். இதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

"எடைக்குப் போட்டுடு"

இன்னொரு கட்சி இருக்கிறது. "பழசாவது ஒண்ணாவது, வெள்ளி விலை ஏறியிருக்கு, பத்தர்கிட்ட கொடுத்துக் கொலுசு பண்ணிக்கோ" என்பவர்கள். காணொளியைவிட இவர்கள் நேர்மையானவர்கள். குறைந்தபட்சம் தராசு வைத்திருக்கிறார்கள். ஆனால் இதிலும் ஒரு நஷ்டம் உண்டு.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியக் காசின் சாயலில் ஒரு தலை, மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று பெயர். சின்னக் காசு. உருக்கியிருந்தால் ஒரு ஜோடி மெட்டிக்கே பத்தாது. உருக்காமல் சேகரிப்பவர் கைக்கும் ஆய்வாளர் கைக்கும் வந்ததால்தான், சங்க இலக்கியத்தில் நாம் கேட்ட கோதை என்ற பெயரை ஒரு அரசனின் முகத்தோடு உலோகத்தில் படிக்க முடிந்தது. அப்படி வராமல் உருகிப்போனவை எத்தனை என்று எண்ண வழியே இல்லை.

எல்லாத் தேய்ந்த ரூபாயும் மாக்கோதை ஆகாது. ஆற்காட்டு ரூபாய் லட்சக்கணக்கில் அடித்தது. ஆனால் உருக்கும் முன் பார்க்காவிட்டால் எது எது என்று தெரியவே போவதில்லை, இல்லையா? உருக்கிய பிறகு 'அன்டூ' கிடையாது.

அப்போ விலை என்ன?

இந்தக் காசுக்கு நான் சொன்ன பதில் இதுதான். 11.21 கிராமில் பன்னிரண்டில் பதினோரு பங்கு என்று வைத்தால் சுத்த வெள்ளி 10.28 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை. தாமரை தெரிகிறது, ஆனால் முகம் தேய்ந்து, வளையத் தழும்பும் இருப்பதால் சேகரிப்பவர் அதற்கு மேல் கொஞ்சம்தான் கொடுப்பார். லட்சம் இல்லை, ஆயிரங்களில் பேசும் காசு. அவர் முகம் விழுந்ததைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு, "எங்க ஊர்ல வரி கட்டின காசா இது?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். காசை விற்கவில்லை. கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது இருந்தால் உதவும் என்று சில குறிப்புகள்:

வெள்ளி ரூபாய் எல்லாம் ஒரே வெள்ளி இல்லை. 1939 வரை அடித்ததில் பன்னிரண்டில் பதினோரு பங்கு. 1940 முதல் 1945 வரை போர்க்கால ரூபாயில் பாதிதான் வெள்ளி, எடை அதே 11.66. அதாவது சுத்த வெள்ளி 10.69 கிராமிலிருந்து 5.83 ஆகக் குறைந்தது. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தம் வைத்தால் ஒட்டும். 'ராஜா தலை' போட்டிருக்கிறது என்பதற்காக ஒரே விலை பேசாதீர்கள்.

1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் 'கிழக்கிந்தியக் கம்பெனி காசு' கம்பெனி அடித்தது இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லை. அது அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள்.

புளி, விபூதி, பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த தொகை, அதுவும் உங்கள் காசின் தேய்மானத்துக்கு ஒத்தது, அதுதான் ஒப்பீடு.

நம் வட்டாரத்துக்கு முக்கியமானது: வீட்டுப் பெட்டியில் இருந்தது வேறு, மண்ணில் கிடைத்தது வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கே பார்த்தாலும் ஜேசிபி தோண்டிக்கொண்டிருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் அப்படி வந்து சேர்ந்தவை நிறைய. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "துபாய்ல வாங்க ஆள் இருக்கு" என்று போனில் சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விற்பதோ உருக்குவதோ உங்கள் இஷ்டம், உங்கள் தேவை. அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் பகல் வெளிச்சத்தில் சாய்வாக ஒரு படம். தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தைவிடச் சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். எடை, குறுக்களவு. யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எப்போதிலிருந்து வீட்டில் இருக்கிறது என்று நான்கு வரி. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எடையையும் மாற்றையும் எந்தப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த நான்கு வரி உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது.